அழிக்க முடியாத பதிவேடும் என் மனைவியின் சல்ஃபா அலர்ஜியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் புலி. இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளை பிளாக்செயின் முறையில் வைக்கும் ஒரு திட்டத்தில் அவனுடைய குழு வேலை செய்கிறதாம். "சார், இனிமே யாரும் மஞ்சப்பையில ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைய வேண்டாம். ஒரு தடவை பதிஞ்சா பதிஞ்சதுதான். எந்தக் கொம்பனாலும் மாத்த முடியாது" என்றான்.

காபி கொண்டுவந்த என் மனைவி டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, "தப்பாப் பதிஞ்சிருந்தா தம்பி?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏன் கேட்டாள் என்று எனக்குத் தெரியும்.

என் மனைவிக்கு சல்ஃபா மருந்து ஆகாது. கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சலுக்கு எங்கள் ஊர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு வாங்கி, ராத்திரி பத்து மணிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். அந்த டாக்டர் ஒரு சீட்டில் "சல்ஃபா கொடுக்கக் கூடாது" என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, "இதைத் தொலைச்சிடாதம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். அவள் தொலைக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வலியில் துடித்துக்கொண்டிருந்தவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நான் பணம் கட்டும் வரிசையில் நின்றேன். வீடு திரும்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில் "மருந்து ஒவ்வாமை: எதுவும் இல்லை" என்று அச்சாகியிருந்தது. அவளையும் யாரும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது என்று பின்னால் ஒரு நர்ஸ் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். ஏதோ ஒன்றை அழுத்த வேண்டியிருந்தது, "இல்லை"யை அழுத்தியிருக்கிறார்கள். நானும் அந்தக் காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்தேன். வாத்தியார் வேலை பார்த்தவன் செய்யக்கூடாத தப்பு அது.

அதற்குப் பிறகு போன இடத்தில் அந்தச் சம்மரியைப் பார்த்து அப்படியே பதிந்தார்கள். மூன்றாவது இடத்தில் அதைப் பார்த்துப் பதிந்தார்கள். ஒரு நாள் சிறுநீர்த் தொற்றுக்கு இளம் டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதினார். இவள் பேரைக் கேட்டுவிட்டு, "அது சல்ஃபா மாத்திரையா டாக்டர்? எனக்கு ஆகாது" என்றாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ரெக்கார்டுல அப்படி எதுவும் இல்லையேம்மா. வேற ஏதாவது மாத்திரையா இருந்திருக்கும், நல்லா யோசிச்சுப் பாருங்க" என்றார். இவள் எதுவும் பேசாமல் மஞ்சப்பையைத் திறந்து, மடிப்பெல்லாம் கிழிந்துபோன அந்தப் பழைய சீட்டை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் நல்ல பிள்ளை. பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு மருந்தை மாற்றிக் கொடுத்தார்.

அன்று அந்தச் சீட்டு இல்லாமல் போயிருந்தால்? மனுஷி வாயால் சொன்னதைவிட மூன்று இடத்தில் ஒரே மாதிரி இருந்த பதிவுக்குத்தான் மதிப்பு அதிகமாக இருந்தது. அந்தப் பதிவு "யாராலும் மாற்ற முடியாத" பதிவு என்ற பெயரோடு வந்திருந்தால் இவள் பேச்சு எடுபட்டிருக்குமா என்பதுதான் என் கேள்வி.

பிளாக்செயின் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு, எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். பள்ளியில் புதுப் பதிவேடு திறக்கும்போது முதல் பக்கத்தில் "இப்பதிவேட்டில் 1 முதல் 200 வரை பக்கங்கள் உள்ளன" என்று எழுதித் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். நடுவில் யாரும் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு பக்கம் சொருகக் கூடாது என்பதற்காக. பிளாக்செயினும் அதே நோக்கம்தான். ஒவ்வொரு பக்கத்தில் உள்ளதையும் கணக்குப் போட்டு விரல்ரேகை போல ஒரு எண் எடுப்பார்கள். அதற்கு ஹேஷ் என்று பெயர். ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். முந்தைய பக்கத்தின் எண்ணை அடுத்த பக்கத்தில் எழுதுவார்கள். பழைய பக்கம் ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பக்கமும் பொருந்தாமல் போய்க் காட்டிக்கொடுத்துவிடும். போதாததற்கு இந்தப் பதிவேட்டின் நகல் பல கம்ப்யூட்டர்களில் இருக்கும். ஒருத்தர் வீட்டு நகலை மட்டும் மாற்றிப் பயனில்லை. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008இல் வெளிவந்த கட்டுரையை வைத்து, 2009 ஜனவரியில் பிட்காயின் இப்படித்தான் தொடங்கியது.

பணத்துக்கு இது சரி. காசு அந்த முறைக்குள்ளேயே பிறந்து அதற்குள்ளேயே கைமாறுகிறது. நோய் அப்படியா? அது உடம்பில் இருக்கிறது. அதைப் பார்த்து, கேட்டு, புரிந்து ஒரு மனிதர்தான் உள்ளே எழுத வேண்டும். எழுதிய பிறகு யாரும் மாற்றாமல் சங்கிலி காவல் காக்கும். எழுதியது சரியா என்று அதற்குத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் 34 வருடம் இருந்தவனுக்கு இது புதிய விஷயமில்லை. எங்கள் மன்னார்குடிப் பக்கத்தில் என் வயதுக்காரர்களில் பாதிப்பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்த நாள். காரணம் உங்களுக்கே தெரியும். 1982இல் நான் புதிதாக வேலை பார்த்த தொடக்கப் பள்ளிக்கு ஒரு விவசாயத் தொழிலாளி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பெரும்புயல் அடிச்சதுக்கு மறுமாசம் பொறந்தான் சார்" என்றார். டெல்டாவைப் புரட்டிப்போட்ட அந்தப் புயல் 1977 நவம்பர். ஆகப் பையன் டிசம்பரில் பிறந்தவன், இன்னும் ஐந்து வயது ஆகவில்லை. திருப்பி அனுப்பினால் மாடு மேய்க்கப் போய்விடுவான் என்று தலைமை ஆசிரியர் 1.6.1977 என்று எழுதச் சொன்னார். நான்தான் என் கையால் எழுதினேன். அந்தப் பையன் படித்து அரசு வேலைக்குப் போய்விட்டான். ஆறு மாதம் முன்னதாகவே ஓய்வு பெறப்போகிறான். பார்க்கும்போதெல்லாம் "சார், நீங்க போட்ட ஜூன் ஒண்ணு" என்று கேலி செய்வான். அவனைப் பெற்ற தாய் வந்து சொன்னாலும் இன்று அந்தத் தேதியை மாற்ற முடியாது. அந்தப் பதிவேட்டை யாரும் திருத்தவில்லை, ஒரு பக்கம்கூடக் கிழியவில்லை, எல்லாம் முறைப்படி பத்திரமாக இருக்கிறது. தேதி மட்டும் பொய்.

இதைச் சொன்னதும் மாணவன், "சார், திருத்தவே முடியாதுன்னு இல்ல. பழைய பதிவு அப்படியே இருக்கும், திருத்தத்தைப் புதுப் பதிவாச் சேர்க்கலாம்" என்றான். நியாயம்தான். நாங்களும் பதிவேட்டில் தப்பு வந்தால் சுரண்டி அழிக்க மாட்டோம். பழையது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் இடுவோம். ஆனால் அந்தச் சுருக்கொப்பம் யாருடையது? என் மனைவியே போட முடியுமா? "எழுதின ஆஸ்பத்திரிதான் போடணும்" என்றான். அந்த மருத்துவமனை கைமாறிவிட்டது என்றால்? அன்றைக்கு எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால்? தப்பை ஒப்புக்கொண்டால் வழக்கு வரும் என்று பயந்தால்? இதற்குக் கணினியில் பதில் கிடையாது. சட்டமும் விதியும், கேட்டால் எழுந்து வந்து பார்க்கும் ஒரு அலுவலரும் வேண்டும். அது நம்மிடம் இல்லாதவரை எந்தச் சங்கிலியும் நோயாளிக்கு உதவாது.

அடுத்து அவன் எஸ்தோனியாவைச் சொன்னான். இந்த விஷயத்தில் எல்லோரும் சொல்கிற உதாரணம் அது. ஜனத்தொகை சுமார் 13 லட்சம். எங்கள் திருவாரூர் மாவட்டம் 2011 கணக்கெடுப்பில் 12.6 லட்சம், ஏறக்குறைய அதே அளவு. 2007இல் பெரிய இணையத் தாக்குதலைச் சந்தித்த நாடு அது. 2016இல் அந்த நாட்டு மின்-சுகாதார அமைப்பு, கார்ட்டைம் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மருத்துவப் பதிவுகளுக்கு பிளாக்செயின் காவல் போடப்போவதாக அறிவித்தது.

ஆனால் அங்கே எந்த நோயாளியின் நோயும் சங்கிலியில் எழுதப்படவில்லை. பதிவுகள் சாதாரணத் தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. சங்கிலியில் இருப்பது அந்த விரல்ரேகை எண்கள் மட்டும். பதிவையோ, அதை யார் எப்போது திறந்தார்கள் என்ற குறிப்பையோ யாராவது திருட்டுத்தனமாக மாற்றினால் கண்டுபிடிக்க அது போதும். இன்னொன்று, அவர்கள் சங்கிலியில் தொடங்கவில்லை. 2001இலேயே அரசுத் துறைகளின் கணினிகளை இணைத்தார்கள். 2002இல் எல்லோருக்கும் மின்னணு அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். 2008இல் நாடு முழுவதற்கும் மருத்துவப் பதிவு முறை வந்தது. தன் பதிவைப் பார்த்தவர் யார் என்று குடிமகன் வீட்டில் இருந்தே தெரிந்துகொள்ளலாம். இத்தனையும் கட்டி முடித்த வீட்டுக்குத்தான் பிளாக்செயின் பூட்டுப் போட்டார்கள். நாம் அஸ்திவாரம் தோண்டும் முன்பே பூட்டு வாங்கக் கடைக்குப் போகிறோம்.

அவ்வளவு திட்டமிட்டவர்களுக்கும் சோதனை வந்தது. 2017இல் அந்த அடையாள அட்டைகளின் சில்லில் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்து, சுமார் 7.6 லட்சம் அட்டைகளின் மின்னணுச் சான்றுகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. சங்கிலியில் ஓட்டை இல்லை, ஆள் கையில் இருந்த சாவியில் ஓட்டை.

சாவி என்றதும் நம் ஊருக்கு வருவோம். பிளாக்செயினில் "உங்கள் பதிவு உங்கள் கையில்" என்பார்கள். அதாவது ரகசியச் சாவி ஒன்று உங்களிடம் இருக்கும். அது இல்லாமல் யாரும் திறக்க முடியாது, தொலைந்தால் உங்களாலும் திறக்க முடியாது. எங்கள் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு எந்த ஓடிபி வந்தாலும் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் போனுக்குத்தான் போகிறது. அவன் ஷிப்டில் இருந்தால் பாட்டி காத்திருப்பார். ரேஷனுக்குக் காத்திருக்கலாம். மயங்கி விழுந்து ஆம்புலன்ஸில் போகும்போது சாவி எங்கே என்று யாரைக் கேட்பது? அவசரத்துக்கு டாக்டர் திறக்க மாற்றுச் சாவி வைக்கலாம். வைத்தால் அதை யார் பாதுகாப்பது என்ற பழைய கேள்வி திரும்ப வரும்.

அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். மாற்றுச் சான்றிதழில் "நடத்தை" என்று ஒரு கட்டம் இருக்கும். நான் புதிதாக வந்தபோது, ஒரு முரட்டுப் பையனுக்கு அதில் உள்ளதை உள்ளபடி எழுதப்போனேன். மூத்த ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்தினார். "பதினாறு வயசுல செஞ்சதை அறுபது வயசு வரைக்கும் தூக்கிச் சுமக்கச் சொல்றியா? நல்லதுன்னு எழுதுப்பா" என்றார். கடைசி வரை அதைத்தான் கடைப்பிடித்தேன்.

மருத்துவத்தில் இது இன்னும் கனமான விஷயம். மனநலச் சிகிச்சை, கருக்கலைப்பு, எச்.ஐ.வி. போன்ற விவரங்கள் வெளியே தெரிந்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கை, ஒருவரின் வேலை, குடியிருக்கும் வாடகை வீடு எல்லாம் போய்விடும். எச்.ஐ.வி. நிலையை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017இல் தனிச் சட்டமே போட்டிருக்கிறோம். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் தரவைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைப் பேசுகிறது. ஐரோப்பாவில் 2018 முதல் நடைமுறையில் உள்ள விதிகளிலும் அழிக்கக் கேட்கும் உரிமை உண்டு. அழிக்கக் கேட்கலாம் என்கிறது சட்டம், அழிக்கவே முடியாது என்பதுதான் பெருமை என்கிறது தொழில்நுட்பம். பூட்டி எழுதினால் போதாதா என்பார்கள். இன்றைய பூட்டு இன்னும் முப்பது வருடத்தில் உடையாது என்று யார் உத்தரவாதம் தருவார்? அதற்குள் பூட்டிய பெட்டியின் நகல் பல இடங்களில் இருக்கும், ஒன்றையும் திரும்ப வாங்க முடியாது.

இன்னொரு வாதம், திருட்டுப் பயம். 2022 நவம்பர் 23ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை யாரோ ஊடுருவி முடக்கினார்கள். நாட்டின் முதல் மருத்துவமனையில் பல நாட்கள் ஓ.பி. சீட்டைக் கையால் எழுதினார்கள். பிளாக்செயின் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சிலர் அப்போது எழுதினார்கள். நடந்திருக்கும். கம்ப்யூட்டரையே பூட்டிவிட்டால், உள்ளே இருப்பது மாறவில்லை என்ற சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்குத் தேவை ஒழுங்கான காப்புநகல், பழசாகிப்போகாத மென்பொருள், கடவுச்சொல்லை மானிட்டரில் ஒட்டிவைக்காத ஊழியர்கள். பேச்சுக்குக் கவர்ச்சி இல்லாத வேலைகள் இவை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. இந்தப் பதிவையே போனில்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். 2021 முதல் நாடு முழுவதும் நடக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் 14 இலக்க ஆபா எண் எங்கள் இருவருக்கும் இருக்கிறது. அதில் பதிவுகள் உருவான இடத்திலேயே இருக்கும், நம் சம்மதத்தோடு பகிரப்படும். அதற்கு பிளாக்செயின் தேவைப்படவில்லை. ஒருவரையொருவர் நம்பாத பலர் சேர்ந்து கணக்கு வைக்க வேண்டிய இடத்தில் இந்தச் சங்கிலி உதவும். மருந்து தயாரித்தவர், மொத்த வியாபாரி, மெடிக்கல் ஷாப் என்று கைமாறும் மருந்தின் வழியைக் கண்காணித்துப் போலியைப் பிடிக்க உதவலாம். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது, அதன் அடுத்த படியாக இதை யோசிக்கலாம். என் மனைவியின் பதிவை யார் திறந்து பார்த்தார்கள் என்ற குறிப்பை அழிக்க முடியாமல் வைக்கலாம், வரவேற்கிறேன். அவளுடைய நோயை அழிக்க முடியாமல் எழுத வேண்டாம்.

அப்படியொரு முறையை நம் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பதிவில் தப்பு இருந்தால் நோயாளி யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளில் சரியாகும்? படிக்காத ஒருவர் சாவியைத் தொலைத்தால் என்ன நடக்கும்? நோயாளி வாயால் சொல்வதும் பதிவில் இருப்பதும் முரண்பட்டால் டாக்டர் எதை நம்ப வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் எந்தத் தொழில்நுட்பமானாலும் சரி.

மாணவன் கிளம்பும்போது கொஞ்சம் வாட்டமாகத்தான் போனான். அவன் உற்சாகத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று எனக்கும் உறுத்தல். புதன்கிழமை போன் செய்தான்.

"சார், எங்க ஃபார்மைத் திறந்து பார்த்தேன். அலர்ஜிக்கு 'இருக்கு', 'இல்லை'ன்னு ரெண்டு கட்டம்தான் இருந்துச்சு. 'கேட்கவில்லை'ன்னு மூணாவது கட்டம் ஒண்ணு சேர்க்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன். ஏத்துக்குவாங்களான்னு தெரியல. அம்மாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். "நல்ல புள்ள. அடுத்த தடவை வரும்போது சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றாள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்து முடித்ததும் எழுந்துபோய், உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ஒவ்வாமை என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அவர்களிடமே கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் கீழே எழுதுங்கள். நான் சொன்னதில் தப்பு இருந்தாலும் சுட்டிக்காட்டுங்கள், ஒற்றைக் கோடு போட்டுத் திருத்திக்கொள்கிறேன்.